அக்கா போட்ட க்ளெய்ம்

ஜூன் 3

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். போனையே எடுக்காதவனிடம் நலம் விசாரித்து என்ன ஆகப்போகிறது? நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

லாண்டரி மூடித்தான் கிடக்கிறது. பெரிய வாஷிங் மெஷினை, அதுதான் நம் ஆட்கள் 'யானை' என்று கூப்பிடுவார்களே, அதை நீ பார்த்துவிட்டுப் போன நிலையிலேயே விட்டுவைத்திருக்கிறோம். ஒரு காலைக் குழியில் விட்ட மாதிரி சாய்ந்து நிற்கிறது. அதன் அடியில் தரை இறங்கி, குழாய் பிய்ந்து, பின்சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். புதுக் கட்டடம். நீ வரைந்து கொடுத்த கட்டடம். ஒரு மழைக்காலத்தைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை.

தரை இறங்கியதில்கூட எனக்கு இவ்வளவு வருத்தம் இல்லை. நீ வந்தாய் பார், அதில்தான். வந்தவுடன் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, முட்டி போட்டு, ரசமட்டம் வைத்துப் பார்த்தாய். விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாய். போட்டோ எடுத்தாய். அப்புறம் வெளியே போய் யாரிடமோ போனில் பேசினாய். திரும்பி வந்தபோது உன் முகத்தில் ஈயாடவில்லை. நான் டீ போட்டு, துணி மடிக்கிற மேஜைமேல் கொண்டுவந்து வைத்தேன். நீ தொடவே இல்லை. "நான் கிளம்பறேன்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். டீ ஆறி ஆடை கட்டும்வரை அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன்னைத் திட்டவா கூப்பிட்டேன்? "என்னக்கா இப்படி ஆயிடுச்சே" என்று ஒரு வார்த்தை. அது போதுமாயிருந்தது. முன்பின் தெரியாத சிமென்ட் லாரிக்காரர் அதைச் சொல்லிவிட்டுப் போகிறார். கூடப் பிறந்தவனுக்கு வாய் வரவில்லை.

பழையதைக் கிளறக் கூடாது என்றுதான் பார்க்கிறேன், ஆனால் மனசு கேட்கவில்லை. இந்தக் கட்டடத்துக்கு வரைபடம் போட்டதற்கு அக்காவுக்கே பில் அனுப்பினவன் நீ. நம்பர் போட்டு, சீல் வைத்து. கட்டினேன். கட்டிவிட்டு உன்னோடு கொஞ்ச நாள் பேசாமல் இருந்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இப்படி நடந்துகொள்கிறாயா?

ஆஸ்பத்திரிக்காரர்கள் செப்டம்பர் முடியும்வரை போர்வைகளை வேறு இடத்தில் துவைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் நாம் திறக்காவிட்டால் ஒப்பந்தம் கைமாறிவிடும். அது போனால் லாண்டரியே போன மாதிரிதான். இஸ்திரி போடும் பெண்கள் காலையில் வந்து, பூட்டின ஷட்டரைப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்ல? எங்கே போய் முட்டிக்கொள்ள? அதைத் தெரிந்துகொள்ளத்தான் உனக்குப் போன் செய்தேன்.

அக்கா

*

ஜூன் 9

மதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு,

ஜூன் 3 தேதியிட்ட தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தங்கள் சலவை நிலையக் கட்டடத்தின் தரை குறித்துத் தாங்கள் தெரிவித்துள்ள விவரங்கள் கவனத்தில் கொள்ளப்பட்டுள்ளன. இக்கடிதத்தில் உள்ள எதையும் இந்த அலுவலகம் பொறுப்பை ஏற்றதாகவோ தவற்றை ஒப்புக்கொண்டதாகவோ கொள்ளக் கூடாது. இனி இது தொடர்பான தகவல்கள் அனைத்தையும் எழுத்து மூலம் மட்டுமே அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
கட்டட வடிவமைப்பு அலுவலகம்

*

ஜூன் 12

அம்மையாரின் தம்பிக்கு,

உன் கடிதம் 'கிடைக்கப்பெற்றது'. யாரடா அந்த அம்மையார்? கவரில் என் விலாசம் மட்டும் இல்லாவிட்டால் வேறு யாருக்கோ போக வேண்டியது தவறி வந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியிருப்பேன். உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்றைக்கு, மணி அடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே நின்றவள் நான். எனக்கு நீ 'தாங்கள்' போடுகிறாய்.

உன் மாமா அதை வாங்கிப் படித்துவிட்டு, "இது அவன் எழுதின மாதிரியே இல்லையே, அவனுக்கு என்ன சிக்கலோ" என்றார். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் உன் கட்சிதான். "சிக்கல் அவனுக்கா எனக்கா?" என்று கேட்டேன். செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அப்புறம் பொறுக்கி எடுத்து ஒட்டி வைத்தேன். ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியவில்லை.

சின்ன வயதில் உனக்கு 'பூட்டு' என்று பேர் வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வீட்டைப் பூட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்ப்பாய். தெருமுனைவரை வந்துவிட்டு, திரும்ப ஓடிப்போய் இன்னொரு தரம் இழுப்பாய். பஸ் போய்விடும். அந்தப் பேர் கதவுக்காக வைத்ததுடா. வாய்க்காக வைத்தது இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பயப்படுகிறாயா? நான் உன்மேல் கேஸ் போடுவேன் என்று நினைத்துத்தான் அந்த டீயைத் தொடாமல் போனாயா? அப்படியென்றால் அதைவிட எனக்கு வேறு அவமானம் வேண்டாம். உன்மேல் கேஸ் போடுகிறவளா நான்?

அக்கா

*

ஜூன் 20

அக்கா,

கடைசியாக நீ கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீ என்மேல் க்ளெய்ம் போட வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். கோபப்படாமல் கடைசிவரை படி.

கடையில் தீப்பிடித்தால் பணம் கொடுக்கிற இன்சூரன்ஸ் உனக்குத் தெரியும். என்னிடம் இருப்பது வேறு. தொழில் பொறுப்பு இன்சூரன்ஸ் என்பார்கள். யோசனை சொல்லியும் வரைந்து கொடுத்தும் பிழைக்கிற என்னைப் போன்ற சின்ன ஆபீஸ்கள் எடுத்து வைத்துக்கொள்வது. எங்கள் வேலையில் குறை இருந்து அதனால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் வந்தால், அதை அந்தக் கம்பெனி ஈடு செய்யும். என் ஆபீஸில் இருப்பது மூன்று மேஜையும் ஒரு பழைய பிரின்டரும். உன் தரையையும் சுவரையும் மறுபடி எழுப்பித் தர நான் என்னை விற்றாலும் போதாது. அவர்களால் முடியும்.

ஆனால் அதற்கு வாயைக் கட்ட வேண்டும். அவர்கள் சம்மதம் இல்லாமல் நான் உன்னிடம் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது, எதையும் தருவதாகச் சொல்லக் கூடாது. மீறினால் பாலிசி செல்லாமல் போகலாம். போனால் நீயும் நானும் நடுத்தெருவில்தான். அக்காவும் தம்பியும் கூடிப் பேசி நாடகம் ஆடுகிறார்கள் என்று யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது என்பதால் போனும் வேண்டாம் என்றார்கள். அன்றைக்கு உன் வாசலில் நின்று நான் பேசியது அவர்களிடம்தான். அந்த 'அம்மையார்' கடிதத்தின் ஒவ்வொரு வரியும் அவர்கள் அனுப்பியது. நான் அதில் சேர்த்தது ஸ்டாம்ப் மட்டும்.

இவ்வளவை விளக்கி எழுதலாம் என்று அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். நீ எழுதுவது எல்லாம் அங்கே ஃபைலில் சேரும். க்ளெய்மைப் பார்க்கிற ஆபீசர் படிப்பார். இதையும் படிப்பார்.

நீ செய்ய வேண்டியது: நான் என் வேலையைச் சரியாகச் செய்யவில்லை, அதனால் உனக்கு இன்ன நஷ்டம் என்று எனக்கு எழுத வேண்டும். உறவு முறை எல்லாம் வேண்டாம். வேறு ஒரு ஆளுக்கு எழுதுவது மாதிரி எழுது. அந்த பில்லையும் சேர்த்து வை. பணம் வாங்காமல் உறவுக்காகச் செய்து கொடுத்த வேலையை இந்த பாலிசி சேர்த்துக்கொள்ளாது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாயே, அந்த பில்தான் இப்போது நம்மைக் காப்பாற்ற வேண்டும்.

மற்றபடி எனக்கு எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை எழுத முடியாததால் வேறு எதையாவது எழுதுகிறேன். இங்கே நல்ல வெயில். மாடியில் துணி சீக்கிரம் காய்கிறது. காய்ந்த போர்வையை மடிக்கும்போது மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. நீ இருந்தால் "மூலையைப் பார்த்துப் பிடிடா" என்று அதட்டியிருப்பாய்.

பூட்டு

*

ஜூன் 27

பூட்டு,

எழுத மாட்டேன்.

உன் கடிதத்தை உன் மாமாவும் நானும் படித்தோம். எல்லாம் புரிந்தது. அந்த டீ விஷயத்தில் உன்னை மன்னித்தாயிற்று. பில் விஷயத்தையும் பாதி மன்னித்தாயிற்று. ஆனால் என் தம்பி கவனமில்லாதவன் என்று என் கையால் எழுதச் சொல்கிறாய் பார், அதற்கு வேறு ஆளைப் பார்.

பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தும் பார்த்தேன். 'தாங்கள்' என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் பேனா நகரவில்லை. யானையை விற்றுவிடலாம், கடன் வாங்கலாம், சின்ன மெஷினை வைத்து எப்படியாவது ஓட்டலாம். உன் பேரைக் கெடுத்துத்தான் என் கடையைத் திறக்க வேண்டும் என்றால் அந்தக் கடை எனக்கு எதற்கு?

இனி எழுதுவது இதைப் படிக்கும் இன்சூரன்ஸ் ஐயாவுக்கு. ஐயா, வணக்கம். நீங்கள் என் தம்பியைப் பார்த்திருக்க மாட்டீர்கள். பூட்டின கதவை விட்டு நகரவே மாட்டான். அவனை நகர்த்த ஒரே வழிதான் எங்கள் வீட்டில் இருந்தது. நான் போய்ப் பூட்டை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "நான் பாத்துட்டேன்டா, வா" என்று சொல்ல வேண்டும். அம்மா சொன்னால் நம்ப மாட்டான். அப்பா சொன்னால் நம்ப மாட்டான். நான் சொன்னால் மறு பேச்சு இல்லாமல் வந்துவிடுவான்.

இந்த நிலத்துக்கும் அதேதான் நடந்தது ஐயா. தோண்டிப் பார்க்கணும் என்றுதான் அவன் வந்தான். நான்தான், "எதுக்குடா வீண் செலவு, லாரி நின்னுட்டிருந்த இடம், கல்லு மாதிரி கெட்டி நிலம். நான் பாத்துட்டேன்டா, வா" என்றேன். வந்துவிட்டான். அவன்மேல் என்ன தப்பு? சொன்னவள் நான். எழுத வேண்டுமானால் என்மேல் எழுதிக்கொள்ளுங்கள்.

தம்பி, நீ சரியாகச் சாப்பிடு. போர்வையை நாற்காலிமேல் ஒரு முனை போட்டு மடி.

அக்கா

*

ஜூலை 8

அக்கா,

ஆபீசர் உன் லாண்டரிக்கு வந்துவிட்டுப் போன விவரம் தெரிந்தது. அவர் வந்தது உன் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான். முடிவு என்ன தெரியுமா? கட்டடத்தின் உரிமையாளரே நிலம் கெட்டி என்று சொல்லித் தோண்ட வேண்டாம் என்று தடுத்ததால் பொறியாளர்மேல் பொறுப்பு இல்லை என்று கம்பெனியின் வக்கீல் குறிப்பு எழுதிவிட்டார். அப்படியே போனால் என்மேல் ஒரு தூசிகூட ஒட்டாது. உனக்கு ஒன்றும் கிடைக்காது. அடுத்த வருஷம் பாலிசிக்கு நான் கட்டுகிற பணம்கூட ஏறாது.

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து எழுதினாய். உண்மையாகவே காப்பாற்றிவிட்டாய். இதைவிட மோசமாக நான் எதிலும் மாட்டிக்கொண்டதில்லை. செய்தி வந்த அன்றைக்கு ஆபீஸில் கூட வேலை செய்கிறவர்கள் கை கொடுத்தார்கள். எனக்கு எழுந்து எங்கேயாவது ஓடிப்போகலாம் போல் இருந்தது.

பாலிசியை எடுத்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் எனக்குத் தடை. கம்பெனியிடம் மறைக்கவும் தடை இருக்கிறது. நடந்தது எதையும் ஒளிக்காமல் அவர்களிடம் சொல்லியாக வேண்டும். அதனால் நேற்று உட்கார்ந்து அவர்களுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினேன். அதில் என்ன எழுதினேன் என்று உனக்குச் சொல்ல முடியாது. அதை எழுதியபின் ராத்திரி தூக்கம் வந்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

இனி உன் கையில்தான் இருக்கிறது. நீ முறைப்படி க்ளெய்ம் போடாமல் நான் எழுதியதற்கு ஒரு பலனும் இல்லை.

உன்னிடம் எதையும் ஒப்புக்கொள்ளத்தான் கூடாது, கேள்வி கேட்கலாம் அல்லவா? கேட்கிறேன். நீ டாக்டரிடம் போகிறாய். "எனக்கு சுகர் எல்லாம் இல்லீங்க, நான் பாத்துட்டேன்" என்கிறாய். அவர் சரி என்று ரத்தம் பார்க்காமலே மருந்து எழுதிக் கொடுக்கிறார். அதனால் உனக்கு உடம்புக்கு வந்துவிடுகிறது. அப்போது நீ யாரைப் பிடிப்பாய்? "சொன்னது நான்தானே" என்று வீட்டுக்கு வந்துவிடுவாயா? மாமா விடுவாரா?

இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேள். "நான் பாத்துட்டேன்கா, வா" என்று இப்போது நான் சொல்கிறேன்.

பூட்டு

*

ஜூலை 15

வடிவமைப்புப் பொறியாளர் அவர்களுக்கு,

என் சலவை நிலையத்துக்கு அடித்தளமும் தரையும் வடிவமைத்துத் தரும் வேலையைத் தங்களிடம் ஒப்படைத்தேன். தாங்கள் பில் கொடுத்தீர்கள். நான் கட்டினேன். நகல் இணைத்துள்ளேன்.

பெரிய சலவை இயந்திரம் தண்ணீரும் ஈரத் துணியுமாகச் சுற்றும்போது என்ன எடை வரும் என்பது தங்களுக்குத் தெரியும். அதைத் தாங்குமா என்று நிலத்தைத் தோண்டி மண்ணைச் சோதிப்பது தங்கள் வேலை. தாங்கள் தோண்டவில்லை. நிலம் கெட்டி என்று நான் சொன்னது உண்மை. நான் துணி துவைக்கிறவள். மண்ணைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? நான் சொல்வதை நம்புவதற்காகத் தங்களுக்குப் பணம் கொடுக்கவில்லை. நம்பாமல் சோதித்துப் பார்ப்பதற்காகத்தான் கொடுத்தேன். பில் போடும்போது நான் வாடிக்கையாளர், குழி தோண்டும்போது மட்டும் அக்காவா?

இது தங்கள் கவனக்குறைவு. தரை, சுவர், குழாய், மூடிக் கிடந்த நாட்களின் வருமானம் ஆகியவற்றை ஈடு செய்ய வேண்டும். விவரம் தனித் தாளில்.

மேலும் ஒரு வேண்டுகோள். தரையை மறுபடி போடும் வேலைக்கும் தாங்களே வரைபடம் போட வேண்டும். தங்களைவிடக் கவனமான ஒருவரை நான் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
சலவை நிலைய உரிமையாளர்

(இது தனித் தாள். க்ளெய்மில் சேராது.)

தம்பி, எழுதிவிட்டேன். 'கவனக்குறைவு' என்ற வார்த்தைக்கு வந்ததும் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து போனேன். தேய்க்கப் பாத்திரமே இல்லாமல் போனபிறகுதான் எழுதினேன். உன் மாமா பார்த்துவிட்டு, "நீ எழுதினதிலேயே இதுதான் அவன்மேல ரொம்பப் பிரியமா எழுதினது" என்றார். அவரைப் பற்றி உனக்குத் தெரியும், வருஷத்துக்கு ஒரு தடவை உருப்படியாக எதையாவது சொல்வார்.

அந்த டாக்டர் கேள்விக்கு இரண்டு நாள் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. கோபம்தான் வந்தது, உன்மேல். முதல் தடவையாக. தோண்டியிருக்கலாம் அல்லவாடா நீ? என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தோண்டியிருக்கலாம் அல்லவா? கொஞ்ச நேரம் அழுதேன். அழுதபிறகு க்ளெய்ம் எழுதுவது சுலபமாக இருந்தது.

ஆபீசர் அம்மா, இதையும் நீங்கள் படிப்பீர்கள். நீங்கள் நேரில் வந்து நிற்கும்வரை உங்களை ஐயா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தரை பார்க்க வந்தவர்களில் என் டீயைக் குடித்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்தக் கடைசி வேண்டுகோளை நீங்கள் அடித்துவிடச் சொல்வீர்கள் என்கிறார் என் வீட்டுக்காரர். ஒருவரைக் கவனமில்லாதவர் என்றும் எழுதி, கவனமானவர் என்றும் எழுதினால் ஃபைலில் குழப்பம் வருமாம். வரட்டும். இரண்டும் உண்மைதான்.

அக்கா

*

ஆகஸ்ட் 17

அக்கா,

கம்பெனி க்ளெய்மை ஏற்றுக்கொண்டுவிட்டது. முறைப்படியான கடிதம் உனக்குத் தனியாக வரும். நிலம் கெட்டி என்று நீயும் சொன்னதற்காகக் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். ஆனால் தரைக்கும் சுவருக்கும் தாராளமாகப் போதும். வேலையைத் தொடங்க முதல் பகுதியை இந்த வாரமே கொடுக்கிறார்கள். கணக்கு முழுவதும் முடிந்து நீ கடைசிக் கையெழுத்துப் போடும்வரை ஃபைல் திறந்தேதான் இருக்கும். அதுவரை என் வாயும் கட்டித்தான் இருக்கும்.

உன் வேண்டுகோளைப் பற்றி அங்கே பெரிய விவாதமே நடந்ததாம். இப்படி ஒரு க்ளெய்மை அவர்கள் பார்த்ததே இல்லையாம். கடைசியில், வேறொரு பொறியாளர் என் வரைபடத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஆட்சேபணை இல்லை என்றார்கள். யாரைப் போடலாம் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்தவர்களிலேயே சிடுமூஞ்சியான ஆளின் பேரைக் கொடுத்தேன். அவர் என் கோடுகளை எல்லாம் எதிரியைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார். அதுதான் வேண்டும்.

திங்கள்கிழமை காலையில் வருகிறேன். யானையை நகர்த்த ஆள் பிடித்து வை. அது நின்ற இடத்தையும், சுற்றிலும் நாலு பக்கத்தையும் தோண்டப்போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நீ என்ன சொன்னாலும் தோண்டுவேன். தள்ளித்தான் நிற்க வேண்டும்.

பூட்டு

*

அக்டோபர் 6

என் பூட்டு,

கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன், இனி கேட்க எதுவும் இல்லை என்று ஒரு தாள். அதில் 'முழுத் திருப்தி' என்ற இடத்தில் ஆபீசர் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரிதானேம்மா?" என்றார். "ஒண்ணு பாக்கி இருக்கு, அது உங்க கம்பெனி கொடுக்கிறது இல்லை" என்றேன். சிரித்துக்கொண்டே டீயை எடுத்துக்கொண்டார்.

யானை ஓடுகிறது. ஆஸ்பத்திரிப் போர்வைகள் செப்டம்பர் கடைசி வாரத்திலேயே திரும்ப வந்துவிட்டன. முதல் நாள் அது சுற்ற ஆரம்பித்ததும் இஸ்திரிப் பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றார்கள். நான் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரை மெஷினை ஒட்டித் தரையில் வைத்தேன். அது முழு வேகத்தில் சுற்றும்போதும் ஒரு சொட்டு சிந்தவில்லை. ஒருத்தி கை தட்டினாள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

நீ இங்கே இருந்த நாட்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். திங்கள்கிழமை காலையில் ஆட்களோடு வந்தாய். ஆட்களைத் தோண்டவிட்டு நீ நிழலில் நிற்பாய் என்று நினைத்தேன். கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நீயே குழிக்குள் இறங்கினாய். மேலே ஒரு அடி, கல் மாதிரிதான் இருந்தது. நான் சொன்னேனே, அதேதான். உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை, தோண்டிக்கொண்டே இருந்தாய். இன்னும் கொஞ்சம் கீழே போனதும் உடைந்த செங்கல், கண்ணாடிப் பாட்டில், பழைய டயர், ஈரச் சேறு. எந்தக் காலத்திலோ பள்ளத்தில் குப்பையைக் கொட்டி, மேலே மண்ணைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அந்தக் குப்பைமேல்தான் என் யானையை நிறுத்தியிருக்கிறோம்.

நீ குழிக்குள்ளேயே நின்றாய். தலை மட்டும்தான் மேலே தெரிந்தது. கையில் அந்தச் சேற்றை எடுத்து வைத்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தாய். உன் வாய் திறந்தது. அப்புறம் மூடிக்கொண்டது. ஃபைல் மூடவில்லை அல்லவா? நீ எட்டு வயதில் கதவுக்கும் தெருவுக்கும் நடுவில் நின்று விழிப்பாயே, அதே முகம். "ஏறி வாடா, டீ ஆறுது" என்றேன்.

அன்றைக்கு டீயைக் குடித்தாய். சேற்றுக் கையோடு. டம்ளரை இன்னும் தனியாகத்தான் வைத்திருக்கிறேன், கழுவித்தான்.

அதனால் சொல்கிறேன். இனி நீ எதையும் எழுத வேண்டாம். சொல்ல வேண்டாம். எனக்கு வர வேண்டியது அந்தக் குழிக்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்டது. உன்னைக் கவனமில்லாதவன் என்று எழுதிய கையால் இதையும் எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்: உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. முழுத் திருப்தி.

அக்கா

*

அக்டோபர் 12

அக்கா,

இன்று காலை ஆபீசர் போன் செய்தார். ஃபைலை மூடியாயிற்று என்றார். "இனிமே நீங்க அக்காவுக்கு என்ன வேணும்னாலும் எழுதலாம் சார், நாங்க யாரும் படிக்க மாட்டோம்" என்றார். வைக்கப் போனவர் கொஞ்சம் தயங்கி, "அவங்க எழுதினா மட்டும் எப்பவாவது ஒண்ணு அனுப்பி வைங்க" என்றார். உனக்கு அங்கே ஒரு வாசகி கிடைத்திருக்கிறார்.

எழுத வேண்டாம் என்று நீ சொல்லிவிட்டாய். உன் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் இவ்வளவும் நடந்தது. அதனால் இந்தத் தடவை கேட்கப் போவதில்லை.

அன்றைக்கு உன் வாசலில் நின்று போனில் பேசும்போது, "அவங்ககிட்ட எதுவும் ஒத்துக்காதீங்க, உடனே கிளம்பிடுங்க" என்றுதான் சொன்னார்கள். உள்ளே வந்தேன். டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து ஒரு வாய் குடித்திருந்தால் எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அதனால்தான் தொடவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். ஜூனிலிருந்து தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கு எழுதிய எல்லாக் கடிதத்திலும், வெயிலைப் பற்றியும் போர்வையைப் பற்றியும் எழுதிய இடத்தில் எல்லாம், இதைத்தான் எழுத நினைத்தேன்.

தப்பு என்னுடையது, அக்கா. நான் தோண்டியிருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு.

பூட்டு